செவ்வாய்க்கிழமை வாசகர்

"ஒரு கட்டுரைக்கு இருநூத்திப் பதிமூணு ரிங்கிட் ஆவுது, அக்கா," என்றார் பழனியப்பன். "அந்தக் காசுக்கு எழுதினவரையே வீட்டுக்குக் கூப்பிட்டு, நண்டு வாங்கிச் சமைச்சுப் போட்டு, நேர்லயே படிச்சிக் காட்டச் சொல்லலாம்லா."

லோகேஸ்வரி சிரிக்கவில்லை. அவர் நீட்டிய பட்டியலில் பதினேழாவது வரி சிவப்பாக இருந்தது. அந்த வரியில்தான் அவளுடைய செவ்வாய்க்கிழமை இருந்தது.

பழனியப்பன் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகர். அவளைவிடப் பத்து வயது இளையவர், அதனால் 'அக்கா' என்பார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் என்ன வேண்டுமானாலும் வெட்டலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. லோகேஸ்வரி அங்கே ஆய்விதழ்ப் பிரிவின் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்றதும் கீழே நாலு பேர் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் இருந்தார்கள். இதழ்கள் தாளை விட்டுக் கணினிக்குள் குடிபோனதும் அவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இப்போது அடித்தளத்தில், ஏர்கோன் எந்திர அறைக்குப் பக்கத்தில், அவளும் ஒரு ஃபோட்டோஸ்டாட் மெஷினும்தான். தாள் சிக்கிக்கொண்டால் மெஷினாவது கத்தும். லோகேஸ்வரி அதுவும் செய்வதில்லை.

ஆய்விதழ் விலைக்கும் வெண்டைக்காய் விலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெண்டைக்காய் ஏறினால் கடைக்காரரை முறைக்கலாம், அரைக் கிலோ வாங்குகிற இடத்தில் கால் கிலோ வாங்கலாம், இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்கு நடக்கலாம். ஆய்விதழுக்குப் பக்கத்துக் கடை கிடையாது. கடல் தாண்டி எங்கோ இருக்கிற நிறுவனம் இதுதான் விலை என்று சொல்லும். கட்டினால் திறக்கும், கட்டாவிட்டால் மூடும். பதினேழாவது வரியில் இருந்த வெப்பமண்டல மண்ணியல் இதழ் போன வருடம் ஏழாயிரத்துச் சொச்சம். இந்த வருடம் ஒன்பதாயிரத்து எண்ணூறு. ஏன் ஏறியது என்று கேட்டு எழுதினாள். 'உலகச் சூழ்நிலை' என்று பதில் வந்தது. மண்ணுக்கும் உலகத்துக்கும் சம்பந்தம் இருக்கத்தானே செய்யும், அதற்கு மேல் என்ன கேட்பது.

வருடம் முழுக்க அந்த இதழ் நாற்பத்தாறு முறை திறக்கப்பட்டிருந்தது. விலையை அந்த எண்ணால் வகுத்தால் இருநூற்றுப் பதின்மூன்று. ஒரு வாசிப்புக்கு ஐம்பது ரிங்கிட்டுக்கு மேல் போகிற எதையும் நிறுத்து என்பது மேலிடத்து உத்தரவு. மாதக் கடைசியோடு கணக்கு முடியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நாற்பத்தாறு முறையும் படித்தது ஒரே ஆள். பல்கலைக்கழகத்து ஆளும் இல்லை. அங்கே தாதியர் படிப்பு உண்டு, ஹோட்டல் நிர்வாகம் உண்டு, கணக்கியல் உண்டு. மண்ணைப் பற்றிப் படிப்பு கிடையாது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு விவசாயப் படிப்பு தொடங்கப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. பேச்சு போய்விட்டது, சந்தா மட்டும் தங்கிவிட்டது.

படிக்கிறவர் பெயர் இராமலிங்கம். கிள்ளான்காரர். செம்பனை எண்ணெய் நிறுவனம் ஒன்றில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடக் கட்டணம் கட்டி வெளி உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். வெளி உறுப்பினர் தாமாக எதையும் திறக்க முடியாது. இன்ன கட்டுரை வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்க வேண்டும், நூலகர் எடுத்து அனுப்ப வேண்டும். அவர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்குக் கேட்பார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

முதலில் எல்லாம் ஆங்கிலத்தில் இரண்டு வரி வரும். மூன்றாம் மாதம், "தமிழில் எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் என்றாள். அதற்கடுத்த வாரம் கட்டுரையின் பெயருக்குக் கீழே, "பி.கு.: கிள்ளானில் விடியற்காலையிலிருந்து மழை. அங்கே எப்படி?" என்று இருந்தது.

அடித்தளத்தில் ஜன்னல் இல்லை. லோகேஸ்வரி மூன்று மாடி ஏறிப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இங்கே தூறல்தான்" என்று பதில் போட்டாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவர் வீட்டுப் பின்புறத்தில் முருங்கை பூத்ததையும், காலில் ஆணி வந்து டாக்டரிடம் போனதையும், மனைவி இறந்தபின் சாம்பாருக்கு எவ்வளவு புளி என்று தெரியாமல் திண்டாடியதையும் அவள் அறிவாள். புளியின் அளவைச் சொன்னதே அவள்தான். அம்மா போய் நாலு வருடமாகியும் இரண்டு பேருக்கு உலை வைத்துவிடுகிறாள் என்பதை அவர் அறிவார். முகம் மட்டும் தெரியாது, குரலும் தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோராவது மாடியில் அவளுக்கு ஒரு வீடு. தம்பி பெர்த்தில் இருந்துகொண்டு தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். அதே படத்தை இன்னும் எண்பது பேருக்கும் அனுப்புவான். சில நாட்களில் அவள் வாயைத் திறப்பது கீழ்க்கடையில், "ஒரு ரொட்டி, பாவா" என்பதற்கு மட்டும்தான். தனிமை என்று அதற்குப் பெயர் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொள்ள ஆள் இல்லாததால் சொல்லிக்கொள்வதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் பவுடர் பூசிக்கொண்டு வேலைக்குப் போவாள். மின்னஞ்சலுக்கு எதற்குப் பவுடர் என்று கேட்டால் பதில் கிடையாது.

இதழை நிறுத்தினால் அவர் எழுத ஒரு காரணம் இல்லை. சும்மா எழுதுகிற மனிதராக அவர் தெரியவில்லை. சும்மா எழுதுங்கள் என்று கேட்கிற துணிவு இவளுக்கும் இல்லை.

"சார், இந்த மாசக் கடைசிக்குள்ள இது ஐம்பதுக்குக் கீழ வந்தா?" என்று கேட்டாள்.

வந்தால் பச்சையாகிவிடும், ஆனால் மழை மேலே இருந்து கீழே பெய்வதுபோல் எண்கள் தாமாக இறங்காது என்று பழனியப்பன் தத்துவம் பேசிவிட்டுப் போனார்.

ஒன்பதாயிரத்து எண்ணூறை ஐம்பதால் வகுத்தால் நூற்றுத் தொண்ணூற்றாறு. நாற்பத்தாறு போக நூற்றைம்பது. அதை யார் படிப்பது? அவளேதான்.

அன்றைக்கே மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கினாள். அவள் நேர்மையான பிறவி. படிக்காமல் திறந்தால் பொய்க் கணக்கு ஆகிவிடுமே என்று ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பத்தியையாவது படித்தாள். இரண்டு வாரத்தில் களிமண்ணின் புளிப்புத் தன்மை, மண்புழுவின் இனப்பெருக்கம், அமில மழை என்று அவளுக்கு ஒரு ஞானமே வந்துவிட்டது. ஆனால் நேர்மைக்கு வேகம் கிடையாது. மாதக் கடைசி நாள் மத்தியானம் பார்த்தால் இன்னும் எண்பது பாக்கி.

லோகேஸ்வரி ஒரு தடவை சாமியை நினைத்துக்கொண்டாள். பிறகு ஒரு மணி நேரத்தில் எண்பதையும் படபடவென்று திறந்து இறக்கினாள்.

அந்தக் கடைசிக் கட்டுரை இறங்கியதும் திரை வெள்ளையாகிவிட்டது. கடல் தாண்டி இருக்கிற நிறுவனத்தின் எந்திரம், யாரோ இதழைக் கொத்தோடு திருடுகிறார்கள் என்று முடிவுகட்டி, பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிட்டது. மண்ணியல் மட்டும் இல்லை, அந்த நிறுவனத்தின் எல்லா இதழ்களும் போயின. தாதியர் பிரிவில் ஆய்வேடு ஒப்படைக்க நாலு நாள் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் முப்பது மாணவிகள் நூலக வாசலில் கூடிவிட்டார்கள், அதில் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

பழனியப்பன் அடித்தளத்துக்கு ஓடி வந்தார். இந்த நாலு வருடத்தில் அவர் அங்கே வருவது இரண்டாவது முறை. யார் ஒரு மணி நேரத்தில் எண்பது மண்ணியல் கட்டுரைகளைப் படித்தது என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்ல லோகேஸ்வரிக்கு நாக்கு எழவில்லை. "வாசகர் வட்டம், சார்," என்றாள்.

"என்ன வட்டம்?"

"மண்ணியல் வாசகர் வட்டம். எல்லாரும் ஒரே நேரத்துல தட்டிட்டாங்க."

பொய் சொல்லிப் பழகாதவர்கள் முதல் பொய்யைச் சொல்லும்போது அது ரொம்ப அழகாக வந்துவிடும். பழனியப்பன் நம்பினார். உடனே அதையே நிறுவனத்துக்கு எழுதிப் போடச் சொன்னார். அவளும் எழுதினாள், நாற்பது உறுப்பினர்கள் என்று ஓர் எண்ணையும் சேர்த்தாள். ஒரு மணி நேரத்தில் கதவு திறந்தது. மாணவிகள் கலைந்தார்கள். பட்டியலில் பதினேழாவது வரி பச்சையாயிற்று. அவள் அன்றைக்குப் பாவா கடையில் ரொட்டியோடு ஒரு தே தாரிக் டீயும் கூடுதலாகக் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து நுஃமான் வந்தார்.

நுஃமான் அந்த நிறுவனத்தின் மலேசிய விற்பனைப் பிரதிநிதி. பரம்பரையாகத் துணிக்கடைக் குடும்பம். அவர் மட்டும் ஆய்விதழ் விற்க வந்துவிட்டார். ஆனாலும் கை அந்தக் கைதான், சிரித்துக்கொண்டே அளந்து கிழிக்கும். ஒரு டப்பா பேரீச்சம்பழமும் ஒரு புதிய விலைச்சீட்டும் கொண்டுவந்திருந்தார்.

"நாப்பது பேர் வட்டமா உக்காந்து மண்ணைப் பத்திப் படிக்கிறாங்கன்னா, இது சாதாரண கஸ்டமர் இல்ல அக்கா," என்றார். "உங்களை மேல் வரிசைக்கு ஏத்திட்டோம்."

மேல் வரிசை என்றால் மரியாதை போலும் என்று லோகேஸ்வரி நினைத்தாள். அது விலை. அதிகம் படிக்கிறவர்களுக்கு அதிக விலை. ஒன்பதாயிரத்து எண்ணூறு, இருபத்தோராயிரம் ஆகியிருந்தது. பழனியப்பன் அங்கேயே கைப்பேசியில் வகுத்தார். ஒரு வாசிப்புக்கு நூற்றேழு ரிங்கிட். பதினேழாவது வரி மறுபடியும் சிவப்பு.

படிக்காவிட்டால் வெட்டுவார்கள், படித்தால் விலையை ஏற்றுவார்கள். இது என்ன நியாயம் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் உலகச் சூழ்நிலை என்றிருப்பார்கள்.

நுஃமானிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. தனியாக வாங்கினால்தான் இருபத்தோராயிரம். அறுபது இதழ்களை ஒரே கட்டாக மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொண்டால், மண்ணியல் அதற்குள்ளே சும்மா வந்துவிடும். கட்டின் விலையைச் சொன்னபோது பழனியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய தொகைக்கு, டத்தோ பட்டம் பெற்ற துணைவேந்தர்தான் கையெழுத்துப் போட வேண்டும். டத்தோ கையெழுத்துப் போட வேண்டுமானால் அவருக்கு ஏதாவது காட்ட வேண்டும்.

"வட்டத்தைக் காட்டுங்க," என்றார் நுஃமான். "நானும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மண்ணியல் வாசகர் வட்டம் கூட வேண்டும், டத்தோ வந்து பார்ப்பார் என்று முடிவாயிற்று. லோகேஸ்வரிக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. நாற்பது பேருக்கு எங்கே போவது? அவளுக்கு நாலு பேரைத் தெரியாது.

வாழ்க்கையில் முதல் முறையாக அவள் ஆட்களிடம் போய்ப் பேசினாள். கறிபாப் பலகாரம் இலவசம் என்று எழுதி ஒட்டியதில் தாதியர் பிரிவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். காவலர் ஒருவர் வந்தார். ஏர்கோன் பழுதுபார்க்க வந்த இருவரையும் கெஞ்சி உட்கார வைத்தாள். கடைசியாக, சுங்கை வேயிலிருந்து வந்து தோட்ட வேலை செய்கிற பாலனைப் பிடித்தாள். பாலன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பின் வரிசையில் ஒண்டிக்கொண்டார். மீதி ஆட்கள் தேர்வுக்குப் போயிருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். ஆளுக்கொரு கட்டுரையைக் கையில் கொடுத்தாள். காவலர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

டத்தோ வந்தார், உட்கார்ந்தார், புன்னகைத்தார். இதுவரை வட்டம் கண்டுபிடித்தது என்ன என்று மலாயில் கேட்டார்.

அறையில் கறிபாப் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. பழனியப்பன் லோகேஸ்வரியைப் பார்த்தார். லோகேஸ்வரி மண்புழுவின் இனப்பெருக்கத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து, துணைவேந்தரிடம் அதைச் சொல்லக் கூசி நின்றாள்.

பின் வரிசையிலிருந்து பாலன் எழுந்தார். சி பிளாக் பின்னால் ஏன் புல் முளைப்பதில்லை என்று டத்தோவுக்குத் தெரியுமா என்று கேட்டார். டத்தோவுக்குத் தெரியவில்லை. கட்டடம் கட்டியவர்கள் மிச்சமான சிமெண்டை அங்கேயே புதைத்துவிட்டுப் போய்விட்டதையும், தான் ஏழு வருடமாகக் கேன்டீன் காப்பித்தூளையும் வாழைப்பழத் தோலையும் போட்டு அந்த மண்ணுக்கு உயிர் கொடுத்துவருவதையும் பாலன் விவரித்தார். ஏழு வருடமாக யாரும் அவரிடம் மண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டுவிட்டார்கள், இனி நிறுத்த மாட்டார்.

டத்தோவுக்கு ரவுப்பில் ஒரு டுரியான் தோப்பு இருந்தது என்பதும், மூன்று வருடமாகக் காய் பிடிக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. கூட்டம் ஐந்து மணி வரை நடந்தது. டத்தோவும் பாலனும் தலையோடு தலை வைத்துக்கொண்டு தோண்டுகிற ஆழம், சுண்ணாம்பின் அளவு என்று பேசினார்கள். நுஃமான் போட்டோ எடுத்தார். போகும்போது டத்தோ இப்படி ஓர் ஆராய்ச்சி தம் நிறுவனத்தில் நடப்பதே தமக்குத் தெரியாது என்று சொல்லி, கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

இதழ் பிழைத்தது. மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை. மூன்று வருடம் என்றால் நூற்றைம்பத்தாறு செவ்வாய்க்கிழமை. லோகேஸ்வரி எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். எதிரே இருந்த அம்மாள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பதிலுக்குச் சிரித்தார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பழனியப்பனின் சுற்றறிக்கை வந்தது. அறுபது இதழ்க் கட்டுக்குப் பணம் திரட்ட நூலகம் சில சேவைகளை நிறுத்துகிறது. முதல் வரியே, 'வெளி உறுப்பினர் சேவை, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து.' புதிய ஒப்பந்தப்படி வெளியாட்களுக்கு ஒரு கட்டுரைகூட அனுப்பக் கூடாதாம்.

அவள் மூன்று மாடியும் படியேறிப் போனாள், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"வெளி உறுப்பினர் மொத்தமே பதினோரு பேர், அக்கா," என்றார் பழனியப்பன். "அதுல பத்துப் பேர் வர்றதே இல்ல. ஒரே ஒரு பென்ஷன்காரர்தான். அவருக்காக ஒப்பந்தத்தை உடைக்க முடியுமா? யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க."

ஆக, முன்பைவிடப் பெரிய விலையில் இதழ் இருக்கும், அதைப் படிக்கிற ஒரே மனிதருக்கு மட்டும் அது கிடைக்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிடித்தவள் கையே போய்விட்டது. லோகேஸ்வரி அடித்தளத்துக்குத் திரும்பி வந்து, ஃபோட்டோஸ்டாட் மெஷின் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

அழுது முடித்த பிறகு அவருடைய நிலையை யோசித்தாள். கிள்ளான் ஆற்றோர மண்ணைப் பற்றி ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு பின்குறிப்பில் சொல்லியிருந்தார். கட்டுரை இல்லாமல் பாவம் என்ன செய்வார்? முதல் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதுவரை சட்டப்படி அவர் உறுப்பினர்தான். அவர் இன்னும் கேட்காத கட்டுரைகளில் நூற்றைத் தேர்ந்தெடுத்து அச்செடுத்தாள். ஆயிரத்து அறுநூறு பக்கம். மெஷின் இரண்டு தடவை கத்தியது, மூன்றாவது தடவை அவளும் அதை ஒரு வார்த்தை திட்டினாள்.

மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அவருக்கு அடுத்த செவ்வாய் எழுத எந்தக் காரணமும் இருக்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் தன் பொழுதுபோக்குக்காக ஒரு மனிதரின் படிப்பைப் பட்டினி போடக் கூடாது என்று தீர்மானித்தாள். இரண்டு வருடமாக அவருக்குக் கொடுத்துவந்தது கட்டுரை. கடைசியாகக் கொடுக்கப் போவதும் கட்டுரைதான். விஷயத்தைச் சொல்லாமல், சில தாள்கள் நேரில் தர வேண்டியிருக்கிறது, சனிக்கிழமை வரலாமா என்று எழுதினாள்.

பதில் மூன்று நிமிடத்தில் வந்தது. "வாருங்கள். மத்தியானச் சாப்பாடு இங்கே. புளி அளவு இப்போது சரியாக இருக்கிறது."

சனிக்கிழமை செண்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினாள். மார்க்கெட்டுக்கு எடுத்துப் போகிற சக்கரப் பையில் ஆயிரத்து அறுநூறு பக்கம். பவுடர் பூசியிருந்தாள், துடைத்தாள், மறுபடியும் பூசினாள். கிள்ளான் வரை வாயில் வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். இனிமேல் அனுப்ப முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள், இதுதான் கடைசி. அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று வரவில்லை.

வீடு ஒரு வரிசை வீடு. கதவைத் திறந்தது இராமலிங்கத்தின் அக்காள் மகள் உஷாராணி. அடுத்த தெருவில் இருக்கிறாளாம், வாரம் ஒரு முறை வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவாளாம். லைப்ரரி ஆன்டிதானே, வாங்க, வாங்க என்று பையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா கடைத்தெருவுக்குப் போயிருக்காரு, ஆன்டி. காலையிலேருந்து மூணாவது வாட்டி. மொதல்ல மீனு, அப்புறம் வாழையில, இப்ப வடை. எங்க கல்யாணத்துக்குக்கூட இப்படி அலையல."

லோகேஸ்வரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவர் வருவதற்குள் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்று உஷாராணியிடமே விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் கட்டுரை அனுப்ப முடியாது, நூலகத்தில் நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் மொத்தமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். இதை எங்கே வைக்கட்டும் என்று பையைக் காட்டினாள்.

உஷாராணி பையைத் திறந்து மேல் தாளைப் பார்த்தாள். பிறகு லோகேஸ்வரியைப் பார்த்தாள். எழுந்து போய் ஹாலில் இருந்த அலமாரியின் இரண்டு கதவையும் திறந்தாள்.

"இதுல இடம் இல்லையே, ஆன்டி," என்றாள்.

மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பச்சை அட்டைகள். லோகேஸ்வரிக்கு அந்தப் பச்சை தெரியும். வாரா வாரம் திரையில் நகக்கண் அளவுக்குப் பார்க்கிற பச்சை. பதினோரு வருடத்து வெப்பமண்டல மண்ணியல், ஓர் இதழ் விடாமல், தூசி தட்டி, தேதிவாரியாக நின்றது.

"இது எப்படி இங்க?" என்று கேட்டாள்.

அந்த இதழுக்கு வருகிற கட்டுரைகளை முன்பெல்லாம் மாமாதான் படித்துத் திருத்தி அனுப்புவார் என்று உஷாராணி சொன்னாள். சம்பளம் என்று ஒரு காசு கொடுத்ததில்லை. அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்க இதழை இனாமாக அனுப்புகிறார்கள். தபாலில் வந்த அன்றைக்கே மாமா முதலிலிருந்து கடைசிவரை படித்துவிடுவாராம்.

லோகேஸ்வரி ஒரு இதழை உருவிப் பிரித்தாள். பொருளடக்கத்தில் சில கட்டுரைகளுக்கு எதிரே பென்சிலால் சின்னச் சின்ன டிக். பக்கத்தில் தேதி. எல்லாம் செவ்வாய்க்கிழமை.

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டாரு?"

உஷாராணி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"டிக் போட்டதெல்லாம் உங்ககிட்ட கேட்டு முடிச்சது, ஆன்டி. வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல கேக்காம சிக்கனமா இருந்தா, மிச்சம் இன்னும் ஆறு வருஷத்துக்கு வரும்னு மாமா எண்ணி வச்சிருக்காரு."